வெள்ளரளியா, செவ்வரளியா

1939 மார்ச் 9, வியாழன்

இன்று கம்பம் நடும் வேலை பாதியில் நின்றது. பாறை. கடப்பாரை இறங்கவில்லை. வெடி வைக்க ஆள் வரவேண்டும். ஆள் வர உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு நான் எழுதவேண்டும். எழுதிவிட்டேன். மேட்டூரில் விழுகிற தண்ணீர் மின்சாரமாகி இவ்வளவு தூரம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. சேலத்திலிருந்து ஒரு காகிதம் வர ஒரு வாரம்.

லைன் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு மல்லசமுத்திரம் போவதால் இந்த மாதம் முழுக்க வீட்டுச் சோறு. அது ஒன்றுதான் லாபம்.

அண்ணன் தறியில் உட்காரவில்லை. போன மாதம் பாவு நூல் சுற்றிய மரம் நழுவி அவன் கால் பெருவிரலில் விழுந்தது. நகம் போச்சு, முளைத்துவிடும் என்றார்கள். இன்று காலில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். "நீ கம்பம் நட்டாப் போதும் பாலு, என்ற காலைப் பாக்க வேண்டாம்" என்றான். வாடை அடிக்கிறது. அண்ணி சாம்பிராணி போட்டு மறைக்கிறாள். எனக்கு மூக்கு இல்லையா?

மார்ச் 11, சனி

அவன் தூங்கும்போது கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். பெருவிரலும் அடுத்ததும் கறுப்பு. வெளுத்த கறுப்பு அல்ல, கரிக்கட்டைக் கறுப்பு. கணுக்காலில் மந்திரித்த கயிறு. அம்மாவின் வேலை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருக்கிறாள். அதுவாவது கெடுதல் இல்லை. கயிறு எதற்கு? ரத்தம் போவதையும் தடுப்பதற்கா?

கயிற்றை அறுத்தேன். சாயங்காலம் பார்த்தால் புதுக் கயிறு.

மார்ச் 13, திங்கள்

ஆட்டையாம்பட்டி வரை வண்டி, அங்கிருந்து பஸ், சேலம் ஆசுபத்திரி. டாக்டர் சிறுநீரைச் சோதித்தார். சர்க்கரை இருக்கிறதாம். அதனால்தான் புண் ஆறவில்லை, அழுகுகிறது. இரண்டு விரலும் பாதத்தில் ஒரு பகுதியும் எடுக்கவேண்டும், இன்றே சேர்த்துவிடுங்கள் என்றார். "தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்பேன். இன்னும் தள்ளினால் மேலே. அதற்கும் மேலே தள்ளினால் என்னிடம் வரவேண்டியதில்லை." எனக்குப் பிடித்த மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

அண்ணன் எழுந்தான், நொண்டிக்கொண்டே வெளியே போய்விட்டான். அம்மாவைக் கேட்காமல் ஆகாதாம். முப்பத்திரண்டு வயது ஆள்.

பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை பேசினான். "மிதிக்கட்டையை அப்புறம் எதால மிதிக்கிறதாம்?"

உயிர் இருந்தால் அதை அப்புறம் யோசிக்கலாம் என்று சொன்னேன்.

மார்ச் 14, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டார்கள். மூன்று கிளை பிரிந்த மரம், மஞ்சள், குங்குமம், வேப்பிலை. இனி தினமும் காலையில் பெண்கள் குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதைப் பிடுங்கும்வரை ஊரில் இருக்கிற எவனும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் அம்மன் அம்மை முத்துப் போடுவாள், ஊரையே வாரிக்கொண்டு போவாள். கம்பம் பிடுங்குவது முப்பதாம் தேதி.

நானும் கம்பம் நடுகிறவன்தான். என் கம்பத்தில் மாட்டைக் கட்டுகிறார்கள்.

"இன்னும் ரெண்டு வாரம்தான் சாமி, பொறுத்துக்கோ" என்கிறாள் அம்மா. விரல் பொறுக்குமா? கத்தினேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். பூக் கேட்பது. அம்மன் உத்தரவு கொடுத்தால் எல்லை தாண்டலாம். வெள்ளிக்கிழமை.

என் அண்ணன் காலை அறுப்பதா வேண்டாமா என்பதைச் சேலத்து டாக்டர் முடிவு செய்யக் கூடாது. ஓர் அரளிப்பூ முடிவு செய்யலாம்.

மார்ச் 17, வெள்ளி

எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடக் கூடாது.

பூசாரி கருப்பண்ணன் இரண்டு பொட்டலம் கட்டினார். ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. இரண்டும் வாழையிலைத் துணுக்கு, வாழைநார்க் கட்டு, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தாம்பாளத்தில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு என்றால் இல்லை.

ஆளைப் பற்றியும் எழுதவேண்டும். ஐம்பது வயது, வாய் நிறைய வெற்றிலை, எதற்கும் ஒரு கேலி.

"வாங்க கரண்டுத் தம்பி. அம்மனுக்கு எப்பங்க லைட்டுப் போடப்போறீங்க?"

"அம்மனுக்கு இருட்டில் கண் தெரியாதா?"

"அவளுக்குத் தெரியுமுங்க. எனக்குத்தான் தெரியலை. முந்தாநேத்துத் திரின்னு நெனச்சுத் தேளைத் தொட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் அந்த ஆள் கையிலேயே இருந்தது.

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு (அம்மன் காலடியில் இருப்பதை வெறுங்கையால் தொடமாட்டாள்) கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி நாரை அறுத்தார். சிவப்பு.

மற்றதைப் பிரியுங்கள் என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதைப் பிரிக்கிறது இல்லீங்க தம்பி. அம்மன் ஒரு பேச்சுத்தான் பேசுவா. ரெண்டையும் பிரிச்சா ரெண்டு பேச்சு ஆயிடுமுங்க."

"இரண்டும் சிவப்பாக இருந்தால்?"

வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க. ஊட்டுக்குப் போயி மோர் குடிங்க" என்றார். அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கிணற்றில் போட்டார். வழக்கம் அப்படியாம். நல்ல வழக்கம்! தடயம் தண்ணீரோடு போய்விடும்.

ஏன் செய்யமாட்டார்? ஒரு குடும்பத்துக்கு எல்லை திறந்துவிட்டால் நாளைக்குப் பத்துக் குடும்பம் வந்து நிற்கும். கம்பத்துக்கு உள்ள பயம் குறைந்தால் பூசாரிக்கு உள்ள மரியாதையும் குறையும். கணக்கு நேராக இருக்கிறது.

மார்ச் 18, சனி

மூன்றாவது விரலும்.

மார்ச் 19, ஞாயிறு

பாறைக்கு வெடி வைத்தார்கள். என் வேலை நகர்கிறது. வீட்டில் எதுவும் நகரவில்லை.

அண்ணன் வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். சத்தம் வரக்கூடாதாம், தெருவில் அம்மனுக்குத் தீர்த்தக்குடம் போகிறதாம். அவன் திருடினானா? பொய்ச் சத்தியம் செய்தானா? விடியும் முன்னே எழுந்து, பொழுது சாயும்வரை தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, வேட்டி நெய்து, அதில் என்னைச் சென்னைக்கு அனுப்பி மின்சாரப் படிப்புப் படிக்க வைத்தவன். வெள்ளி செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். நான் போனதில்லை. என் கால் நன்றாக இருக்கிறது. இது என்ன நியாயம்? இதை நடத்துகிற ஒருத்தி இருக்கிறாள் என்றால் அவளை நான் ஓவர்சியராகக்கூட வைத்துக்கொள்ளமாட்டேன்.

சுயமரியாதைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் கைதட்டலாம். வீட்டுக்கு வந்தால் அந்த வாடை.

கொல்லைப்புறத்தில் அண்ணி கட்டுத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். என்னிடம் அதிகம் பேசுகிறவள் அல்ல. நிமிராமலே சொன்னாள். "தம்பி, கால் போனாப் போவுதுங்க. ஆளு இருந்தாப் போதும். நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்."

மூன்று தடவை வரை பூக் கேட்கலாம் என்று வழக்கம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்போம் என்று. என்னை உற்றுப் பார்த்தாள். "நீயா சொல்றே?" என்றாள்.

நான்தான் சொல்கிறேன்.

மார்ச் 20, திங்கள்

வெள்ளரளி பறித்தாயிற்று. சிவப்புக்கு வேலை இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் முன்னாலேயே போய்விட்டேன். பூசாரி பொட்டலங்களைக் கட்டித் தாம்பாளத்தில் வைத்துவிட்டு அபிஷேகத்துக்குத் தண்ணீர் சேந்தப் போனார். அவற்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னுடைய இரண்டை வைத்தேன். இரண்டும் வெள்ளை. நானே கட்டியவை. அவசரத்தில் பழக்கப்பட்ட முடிச்சையே போட்டிருந்தேன், கம்பத்துப் பீங்கானில் மின்கம்பியைக் கட்டுகிற மாதிரி, இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைத் திருப்பி உள்ளே செருகி. பூசாரி கவனிக்கவில்லை. குலுக்கினார். வைத்தார்.

இந்தத் தடவை அந்த ஆள் கையை விட்டுக் கண் எடுக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை. அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் விரலை அகல விரித்து வாங்கினார், வேட்டியைத் தொடவில்லை, இடுப்புக்குப் போகவில்லை. நாரை அறுத்தார்.

சிவப்பு.

சிவப்பு எப்படி வரும்?

மிச்சம் இருந்த பொட்டலத்தை நானே கிணற்றில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். பிரித்தேன். வெள்ளை. என் முடிச்சு, என் பூ. ஆகவே நான் வைத்தது சரி. மாற்றம் நடந்தது மற்றதில்.

எங்கே நடந்தது? பூசாரி கையில் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேனே.

"எதுக்கு இப்படி வேர்க்குது கரண்டுத் தம்பி?" என்றார் பூசாரி. கேலியாகக் கேட்கவில்லை.

மார்ச் 22, புதன்

வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்ன முதல் வயிற்று வலி.

வேறு விளக்கம் தேடுகிறேன். வெள்ளைப் பூ வெயிலில் நிறம் மாறுமா? ஒரு நாழிகையிலா? பறிக்கும்போது நானே தவறினேனா? இல்லை. ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினேன்.

அப்படியானால்?

மத்தியானம், கோயிலில் யாரும் இல்லாத நேரம் போய் நின்றேன். கல். எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளியில் கண். வாய்விட்டே கேட்டேன். நீதானா? நீயேதானா மாற்றினாய்? என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்றால் என் காலை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? அவன் உனக்கு என்ன செய்தான்?

ஓணான் ஒன்று கம்பத்தில் ஏறியது.

இத்தனை வருஷமாக இல்லாத சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. இல்லாதவளிடம் கோபித்துக்கொள்ள முடியாது, அழுகல் வெறும் அழுகல், மரம் நழுவியது வெறும் நழுவல். இப்போது, இருக்கிறாள் என்றால்? இருந்து, பார்த்து, வெள்ளையைச் சிவப்பாக்கி, அந்தக் கால் அழுகட்டும் என்கிறாள் என்றால்? அப்படிப்பட்டவளைக் கும்பிடுவதா? கும்பிடாமல் தப்பிக்கத்தான் முடியுமா?

கும்பிட்டுவிட்டு வந்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. கும்பிட்டேன்.

மார்ச் 23, வியாழன்

அண்ணி கேட்டாள். "தம்பி, மூணாந்தடவை கேக்கலாமுங்களா?" வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். லைனுக்குப் போய்விட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் தடவை கேட்டுச் சிவப்பு வந்தால் ஆளையே கேட்கிறாள் என்று அர்த்தமா? எனக்கு இப்படியெல்லாம் யோசிக்கத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 24, வெள்ளி

கயிற்றை நான் அறுக்கவில்லை. அம்மா இரண்டாவது கயிறும் கட்டியிருக்கிறாள். இருக்கட்டும்.

மார்ச் 25, சனி

காய்ச்சல். பாதம் முழுக்கக் கறுப்பு. கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறுகிறது.

மார்ச் 26, ஞாயிறு

முட்டாள். முட்டாள். முட்டாள்.

கட்டு மாற்றத் தண்ணீர் சுடவைக்க நெருப்புப் பெட்டி தேடினேன். விளக்கு மாடத்துக்குள் கையை விட்டேன். எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னால் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். வாடிப்போனவை. அதில் ஒன்றில் இரண்டு சுற்று, நுனி திருப்பி உள்ளே செருகல்.

என் முடிச்சு.

முடிச்சை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்! பூசாரி அறுத்த நாரில் என்ன முடிச்சு இருந்தது என்று பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். பூசாரி கையைப் பார்த்தேன். அம்மா கையைப் பார்க்கவில்லை. யார் அம்மா கையைப் பார்ப்பார்கள்?

இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் படுத்திருக்கிற இடத்துக்கு வந்தேன். அம்மா அவன் தலைமாட்டில் இருந்தாள். பார்த்தாள். மறைக்கவில்லை.

"கீழ போட்றாதே. அம்மன் காலடியில இருந்தது."

"ஏன் இதை வைத்திருக்கிறாய்?"

"பின்னே? குப்பையிலயா போட முடியும்?"

அதுதான் விஷயம். மடியில் ஒரு செவ்வரளிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முந்தானைக்குள் கையை விட்டு, எடுத்ததை மடியில் போட்டுக்கொண்டு, மடியில் இருந்ததைப் பூசாரிக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தடவையும். சாமியை ஏமாற்ற முடிந்தது. சாமி காலடியில் இருந்த பூவைத் தூக்கி எறிய முடியவில்லை.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பெற்ற மகனைக் கொல்லப் பார்த்தாயா என்றும் கேட்டிருப்பேன்.

"நான்தாண்டா சொன்னேன்" என்றான் அண்ணன். துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "சேலத்துல இருந்து வந்த அன்னிக்கே. அம்மா, என்னை அறுக்க உட்றாதேன்னு."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்ற மவன் கையெடுத்துக் கும்புட்டான் என்னை. நான் என்ன பண்ணட்டும்? மாரியாத்தா நல்லவ. கேட்டா வெள்ளையத்தான் குடுப்பா, எனக்குத் தெரியும். குடுத்துட்டா அப்புறம் நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? அதான் அவளைப் பேசவே உடலை."

பொட்டலங்களை அவளிடமே கொடுத்தேன்.

இவளுக்குச் சாமி இல்லை என்று நிரூபிக்க, நான் படித்த நாளிலிருந்து பாடுபடுகிறேன். இவளோ சாமியின் வாயைப் பொத்திவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

பிறகு அந்த முடிச்சைப் பற்றி நானும் சொல்லவேண்டி வந்தது. இரண்டும் வெள்ளை வைத்தேன் என்று. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் என்னையே பார்த்தான், காய்ச்சலில் கண் சிவந்து, "ஏண்டா பாலு, இந்த ஊட்ல சாமிய ஏமாத்தாத ஆளு யாருடா இருக்கறது?" என்றான். வாசலில் நின்ற அண்ணி, "நான் இருக்கறனுங்க" என்றாள். அவன் சிரித்தான். சிரித்ததில் கால் அசைந்து அலறினான்.

"காலில்லாம என்னடா பண்ணுவேன்? சந்தையில துண்டு விரிச்சு உக்காரோணுமா?"

பஸ்ஸில் கேட்டானே. அன்றைக்கே கேட்டான். மிதிக்கட்டையை எதால் மிதிக்கிறது என்று. நான் தத்துவம் பேசினேன். சாமி உண்டா இல்லையா என்று பூசாரியோடு மல்லுக்கு நின்றேன். இவன் கேட்டதற்கு இரும்பிலும் மரத்திலும் பதில் இருக்கிறது, நான் அதற்குத்தான் படித்தவன், ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

"ஒரு மிதிக்கட்டை போதும். இன்னொரு பக்கம் ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன். மிதித்தால் பாவு நூலைப் பிரிக்கிற ஒரு விழுது இறங்கும், காலை எடுத்தால் ஸ்பிரிங் மற்றதை இறக்கும்."

"ஸ்பிரிங்கு வெடுக்குன்னு இழுக்கும். பாவு அந்துபோயிடும்."

"மெதுவாக இழுக்கிற ஸ்பிரிங்."

"நீ தறியில உக்காந்திருக்கியா? மெதுவா இழுத்தா பாவு வாய் தொறக்காது, குறுக்க ஓடற நாடா எப்படிப் போகும்?"

"அப்படியானால் இரண்டு ஸ்பிரிங். கனத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றுவோம்."

இப்படியே எவ்வளவு நேரமோ. அவன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் தரையில் கரியால் படம் போட்டேன். அவன் தப்பு தப்பு என்று அழிக்கச் சொன்னான். மூன்றாவது படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி, "வண்டியப் பூட்டச் சொல்லு" என்றான்.

மார்ச் 27, திங்கள்

சேலம். ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் எழுதுகிறேன்.

நேற்று மாலையே புறப்பட்டோம். வண்டியில் வைக்கோல் பரப்பி அண்ணனைப் படுக்கவைத்தோம், அண்ணியும் ஏறிக்கொண்டாள். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் பூசாரி கருப்பண்ணன் வேப்பிலை ஒடித்துக்கொண்டு நின்றார். சண்டைக்குத் தயாரானேன்.

"ராத் தங்குவீங்களா?" என்றார்.

"தங்குவோம்."

அண்ணனைப் பார்த்தார். "நான் அந்தப் பக்கம் திரும்பி வேப்பிலை ஒடிச்சிட்டு இருக்கறனுங்க. யாரு போனா யாரு வந்தான்னு எனக்கு என்ன தெரியும்?" திரும்பிக்கொண்டார்.

இந்த ஆளைத்தான் திருடன் மாதிரி இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதியது இருக்கட்டும், அடிக்கமாட்டேன். பத்து நாளாக எங்கள் மூன்று பேர் நடுவில் நாணயமாகப் பூக்கட்டியவர் அவர் ஒருவர்தான்.

மார்ச் 28, செவ்வாய்

முழங்காலுக்கு மேலே.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "போன வார நடுவில் வந்திருந்தால்கூட முழங்காலை விட்டிருப்பேன்."

போன வார நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். இரண்டு தடவைச் சிவப்பையும் அம்மா தலையில் போடலாம். அதற்குப் பின்னால் போன நாட்கள் என்னுடையவை. என் வாழ்நாளில் சாமி உண்டு என்று நான் நம்பியது அந்த நாட்களில்தான். அதற்கு அவன் முழங்கால் போயிற்று.

இதை அண்ணியிடம் சொன்னேன். "ஆளு இருக்கறாருங்கல்ல" என்றாள். மன்னித்தாளா, கேட்கவே இல்லையா, தெரியவில்லை.

மார்ச் 30, வியாழன்

ஊரில் இன்று கம்பம் பிடுங்கியிருப்பார்கள். யாருக்கும் முத்துப் போடவில்லை என்று ஊரிலிருந்து வந்த பால்காரர் சொன்னார். எல்லை தாண்டியதற்கு ஊர் பேசுகிறதா என்று கேட்டேன். பேசாமல் இருக்குமா என்றார்.

ஏப்ரல் 8, சனி

அண்ணனைக் கூட்டி வந்துவிட்டோம். புண் சுத்தமாக இருக்கிறது. வாடை இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அதுதான் முதலில் தெரிந்தது, வாடை இல்லாதது.

அம்மா இளைத்துவிட்டாள். அண்ணி சொன்னாள், அறுத்த நாளிலிருந்து அம்மா உப்பில்லாமல் சாப்பிடுகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். எத்தனை நாள் என்று வேண்டிக்கொள்ளவில்லையாம். உயிர் இருக்கிற வரைக்கும் என்று அர்த்தம்.

"உனக்கு உப்பு இல்லாவிட்டால் அவன் கால் முளைக்குமா?" என்று கேட்டேன். என் வாய்.

"முளைக்காது. அவ வெள்ளை குடுத்தா, நான் மடியில மறைச்சேன். அவ அன்னிக்கே போகச் சொன்னா. அன்னிக்குப் போயிருந்தா விரலோட போயிருக்கும். தின்னா உப்பு எறங்கமாட்டேங்குது."

வெள்ளை கொடுத்தாள் என்று எப்படித் தெரியும்? முதல் பொட்டலத்தை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. விளக்கு மாடத்தில் இரண்டையும் திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். பிரித்துப் பாரேன் என்றேன். காதைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

லாரிப் பட்டறையில் பழைய ஸ்பிரிங் மூன்று கிடைத்தது. முதலாவது பாவை அறுத்தது. அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம். "சொன்னேனா இல்லியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டான். இரண்டாவது பரவாயில்லை. வாய் சரியாகத் திறக்கவில்லை. மூன்றாவதை நாளைக்குப் பார்க்கவேண்டும்.

பூசாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். கோயிலுக்கு லைட் எப்போது என்று மறுபடி கேட்டார். தேள் விஷயம் நிஜம்தானாம், விரலைக் காட்டினார். லைன் முடிந்ததும் போட்டுத் தருகிறேன் என்றேன். உங்கள் மேல் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியுமுங்க" என்றார், நான் சொல்வதற்கு முன்னாலேயே.

ஏப்ரல் 23, ஞாயிறு

அம்மா அண்ணியோடு சந்தைக்குப் போயிருந்தாள். அண்ணன் தறியில். டக், ஒரு இழுப்பு, டக். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது.

விளக்கு மாடத்திலிருந்து முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பூசாரி கட்டியது. நாணயமாகக் கட்டியது, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இதில் இருப்பதுதான் அன்றைக்கு அம்மா கை உண்மையாக எடுத்தது. பூக் கேட்பதில் இன்றுவரை எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில். பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாரை அவிழ்க்கும்போது விரல் வழுக்கியது.

பிரித்தேன்.

பழுப்பு.

எண்ணெய்ப் புகையும் ஈரமும் சேர்ந்து பூ மக்கிப் புகையிலைத் தூள் மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். என் பொட்டலத்தையும் கொண்டுவந்து பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். அது வெள்ளை என்று எனக்குத் தெரியும், அதுவும் பழுப்பு. பூசாரியுடையது ஒரு நூல் அதிகமாகக் கறுப்பு. நாலு நாள் மூத்தது என்பதாலா? அல்லது சிவப்பாக இருந்ததாலா? ஒரு செவ்வரளியைக் கட்டி அதே மாடத்தில் ஒரு மாதம் வைத்து எடுத்தால் தெரிந்துவிடும். சுலபமான சோதனை.

செய்யப்போவதில்லை.

இரண்டையும் கிணற்றில் போட்டேன்.

அம்மா சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்கினாள். நேராக மாடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிரித்தேன்" என்றேன். "சிவப்பு."

"சிவப்பா?"

"சிவப்புத்தான். நீ எடுத்ததும் சிவப்பு, கொடுத்ததும் சிவப்பு. அவள் அன்றைக்குப் போகச் சொல்லவே இல்லை. நீ எதையும் மறைக்கவில்லை."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொய் வராது என்பது அவளுக்குத் தெரியும். வந்தால் எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருக்கும். உள்ளே தறி டக் என்று நின்றது. அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நல்ல வெளிச்சத்துல பாத்தியா?" என்றாள் கடைசியில்.

"கிணற்றடியில். வெயிலில்."

கூடையிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தரையில் வைத்தாள். தறி மறுபடி ஆரம்பித்தது.

நம்பினாளா? தெரியாது. மத்தியானம் நாலு பேரும் உட்கார்ந்தோம். அண்ணி வழக்கம்போல அம்மா சோற்றைத் தனியாக எடுத்து வைத்தாள். அம்மா அதில் கை வைக்கவில்லை. பிறகு என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி, "அந்த உப்புச் சட்டியை இப்படித் தள்ளு சாமி" என்றாள்.